வெள்ளவத்தை தாண்டி

புத்தகத்தைத் தரும்போதே ரிஸ்மியா சொல்லிவிட்டாள்:
"கதை நல்லம், அக்கா. அவள்தான் சரியில்லை.
ஒரு இடத்தில கன்னத்தில அறையலாம் போல வரும், பாருங்கோ."

பழைய மொழிபெயர்ப்பு. அட்டை கழன்றது.
முதல் அத்தியாயத்தில் கிளமென்சா,
ஒன்பதாவதில் கிளெமென்ஸி;
பெயரில்கூட ஒரு நிலையில் நில்லாதவள்.
திராட்சைத் தோட்டக்காரரின் மூத்த மகள்,
அழகி, அது தனக்கே தெரிந்த அழகி,
கடனுக்குக் கையுறை வாங்குகிறவள்,
தங்கை காய்ச்சலில் கிடந்த இரவு
நடனத்துக்கு எந்தச் சட்டை என்று யோசித்தவள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் எனக்குப் பில் எழுதும் வேலை.
சீத்தை, லினன், பொப்ளின்.
பகல் முழுக்க யார் யாராகக் கூட்டிவிட்டு
ஐந்து பத்துக் கோச்சியில்
ஒரு கையால் கம்பியைப் பிடித்து அவளை வாசிப்பேன்.
கொம்பனித்தெருவில் ஒரு பொய் சொன்னாள்.
கொள்ளுப்பிட்டியில் அதை மூட இன்னொன்று.
பம்பலப்பிட்டியில் கச்சான்காரன் இடித்துக்கொண்டு போனான்,
வரி தவறி, அவள் அழுததை இரண்டு தரம் வாசித்தேன்.
வலப்பக்கம் கடல்,
சீசன் டிக்கட்காரர் ஒருவரும் பார்க்காத கடல்.

இருநூற்றுப் பதினொராம் பக்கத்தில்
அவனுடைய கடிதம் வருகிறது:
கப்பல் கம்பனி வேலை போய்விட்டது,
ஆனாலும் வருகிறேன், காத்திரு.
அவள் இரண்டு தரம் வாசிக்கிறாள்.
மூன்றாம் தரம் விரல் மடித்து எண்ணுகிறாள்:
வாடகை, விறகு, மெழுகுதிரி,
வருடத்துக்கு எத்தனை சோடிச் சப்பாத்து.
பிறகு வேலைக்காரியைக் கூப்பிட்டு,
"கடிதமே வரவில்லை என்று சொல்லு" என்கிறாள்.

அறைய வேண்டிய இடம் இதுதான்.
கை எழும்பவில்லை.

தொண்ணூற்றெட்டு. வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ்.
வீட்டுக்கார அன்ரியின் ஹோலில்
குரோஷா விரிப்பின் மேல் போன்.
சத்தியேந்திரன் வங்கி வேலையை விட்ட கிழமை அது.
மூன்று தரம் எடுத்தான்.
மூன்று தரமும் மங்களநிதி எனக்காகச் சொன்னாள்:
"அவ குளிக்கிறா."
ஒரே மாலையில் மூன்று தரம் குளித்து
தலை ஈரமாகாதவள் நான்.
கட்டிலில் இருந்து கணக்குப் போட்டேன்:
அறை வாடகை, அம்மாவுக்கு அனுப்பும் ஆயிரம், பஸ் காசு,
அவனுக்கு வேலை கிடைக்க எத்தனை மாதம்.
விடை சரியாகத்தான் வந்தது.
என் விடைகள் எப்போதும் சரியாக வரும்.

நிமிர்ந்தால் தெஹிவளை.
இறங்கினேன். திரும்பும் கோச்சி பிந்தும் என்றார்கள்.
பிளாட்பார வாங்கில், மங்கிய குழல் விளக்கின் கீழ்
மிச்சத்தை முடித்தேன்.
எழுதியவருக்கு அவளை மன்னிக்க மனமில்லை.
கடைசி நாற்பது பக்கத்துக்கு இருமல் கொடுக்கிறார்,
பனியில் வண்டியைக் கவிழ்க்கிறார்,
அவன் பெயரைச் சொல்ல வைத்துக் கொல்கிறார்.
எனக்கு ஒரு தடிமன்கூட வரவில்லை.
சம்பளம் கூடியது. பல் கட்டினேன்.
தவணைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கி
அதை முடிக்கவும் முடித்தேன்.

அடுத்த நாள் ரிஸ்மியா கேட்டாள், "எப்படி அக்கா?"
"ஓம் பிள்ளை, சரியான கெட்டவள்" என்றேன்,
காபன் தாளைச் செருகியபடி.
"புத்தகம்?"
"ஐயோ, கோச்சியில விட்டிட்டன்.
புதுசு வாங்கித் தாறன்."
மேசைக்குக் கீழே என் பையில்
சாப்பாட்டுப் பெட்டிக்கும் குடைக்கும் நடுவில்
மூச்சு விடாமல் கிடந்தாள் கிளமென்சா.
அவள் சிரித்திருப்பாள்.

பின்னேரம் லினன் கணக்கில் நாலு யார் இடித்தது.
திரும்பக் கூட்டவில்லை.